இடது காலால் மூன்று முறை

வலது தோளுக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. வலது கையை மேலே வளைத்துப் போட்டாலும் எட்டாது, இடது கையைக் கீழே வளைத்துப் போட்டாலும் எட்டாது. எனக்கு வலி வந்தது சரியாக அங்கேதான். சட்டை போட்டால், சோறு பிசைந்தால், தும்மினால், கொட்டாவி விட்டால், எல்லாவற்றுக்கும் அந்த இடம் தனியாக ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஐம்பத்தேழு வயதுவரை முதுகு என்று ஒன்று இருப்பதையே நினைக்காமல் வாழ்ந்தவன் நான். எட்டு மாதம் அதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லை.

குருண் டவுனில் ஒரு தொழிற்சாலையின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இருபத்திரண்டு வருடமாக அதே வேலை. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் வலித்தால் நியாயம். உட்கார்ந்துகொண்டு வண்டி ஓட்டுகிறவனுக்கு என்ன வந்தது? எதற்கும் ஒரு காரணம் தெரிந்தாக வேண்டும் எனக்கு. காரணம் தெரிந்துவிட்டால் பாதி வலி போய்விடும் என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

முதல் வைத்தியம் பார்த்தது என் மனைவி. எனக்கு இல்லை, என் தலையணைக்கு. கழுத்தோ தோளோ பிடித்துக்கொண்டால் தலையணையை வெயிலில் காயப்போட வேண்டும் என்பது அவள் கட்சி. மூன்று நாள் அது வேலியில் கிடந்து காய்ந்தது. நான்காம் நாள், "தலகாணிக்கு வலி போயிருச்சா?" என்று கேட்டேன்.

"கிண்டல் பண்ணிக்கிட்டே இருங்க. ராத்திரி பூரா முனகுறது யாரு, நானா?" என்றாள்.

அதன் பிறகு நான் பார்க்காத ஆள் இல்லை. கம்பெனி கிளினிக்கில் மாத்திரையும் களிம்பும் இரண்டு நாள் எம்சி விடுப்பும் கொடுத்தார்கள். வயசாகுது இல்லையா என்றார் டாக்டர். பக்கத்து மலாய்க் கிராமத்தில் உருட் என்று உடம்பு நீவிவிடும் மலாய்க்காரர் ஒருவர், எண்ணெய் தொட்ட கட்டை விரலை எடுத்த எடுப்பிலேயே வலிக்கிற இடத்தில் வைத்தார். அசந்துபோனேன். உள்ளே காற்று புகுந்துவிட்டது என்றார். எந்த வழியாகப் புகுந்தது என்று கேட்டேன். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறாயா என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். சுங்கை பட்டாணியில் ஒரு சீனர் கண்ணாடிக் குவளைகளை முதுகில் கவிழ்த்து உறிஞ்ச வைத்தார். உடம்பில் குளிர்ச்சி தங்கிவிட்டதாம், ஐஸ் தண்ணீரை விட வேண்டுமாம். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும் மனைவி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. முதுகெல்லாம் கருஞ்சிவப்பு வட்டங்கள்.

மூன்று பேரும் தொட்டது ஒரே இடத்தை. சொன்ன காரணம்தான் ஆளுக்கொன்று. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வலி மட்டும் யார் பேச்சையும் கேட்கவில்லை. வைத்தியம் முடிந்து கார் வீட்டு வாசலுக்கு வரும்வரை அடங்கியிருந்துவிட்டு, இறங்கியதும் எழுந்துகொள்ளும்.

ஒரு நாள் தொழிற்சாலை கேண்டீனில் தட்டை இடது கையால் வாங்கியதைப் பார்த்து, அங்கே சமைக்கிற அக்கா விசாரித்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தம்பி, இதெல்லாம் மருந்துக்குக் கேக்காதுலா. காலு முந்திப் பொறந்தவங்க யாராச்சும் இருந்தா மூணு தடவ நீவச் சொல்லுங்க. எங்க மாமாவுக்கு அப்படித்தான் போச்சு. உங்களுக்கு அந்த மாதிரி யாரையும் தெரியாதா?"

"தெரியாது" என்றேன். அது பொய்.

என் தங்கை கால் முந்திப் பிறந்தவள். பிரசவத்தில் தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வெளியே வந்த பிள்ளைக்கு, முதுகுப் பிடிப்பை எடுக்கிற சக்தி உண்டு என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. நாங்கள் வளர்ந்தது பாலிங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். காண்டாக் கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளியைத் தொங்கவிட்டு, அதைத் தோளில் வைத்து நடக்கிறவர்களுக்கு முதுகு பிடிப்பதற்குக் கேட்கவா வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் யாராவது வந்து எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் குப்புறப் படுப்பார்கள். தங்கைக்கு அப்போது ஆறு வயது. அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள, அவள் ஒற்றைக் காலில் நின்று, இடது காலால் பிடரியிலிருந்து இடுப்புவரை மூன்று முறை நீவி விடுவாள். பெரியவர்கள் மேல் கால் பட்டுவிட்டதால் உடனே குனிந்து அவர்களைத் தொட்டுக் கும்பிட்டுக்கொள்வாள். படுத்திருந்தவர் எழுந்து ஒன்றும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. இது எப்படி வேலை செய்கிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். மறுநாள் அவர்களைத் தேடிப் போய், வலி போய்விட்டதா என்று கேட்பேன். போச்சு என்றுதான் பெரும்பாலும் சொன்னார்கள். ஒருவர் மட்டும் போகவில்லை என்றார். அம்மாவிடம் வந்து சொன்னேன். "திரும்பிப் பாத்திருப்பான்" என்று அம்மா முடித்துவிட்டார். அதற்கு மேல் எப்படி ஆராய்ச்சி செய்வது? கடைசியில் நானே ஒரு நாள் முதுகு பிடித்துக்கொண்டதாகக் கதை விட்டுக் குப்புறப் படுத்தேன். தங்கை காலை வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். "இவனுக்கு வலியே இல்லம்மா" என்றாள். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவள் பாலிங் டவுனில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு, ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. கிறிஸ்துமஸுக்கு அங்கே போய்ச் சாப்பிடுவோம், தீபாவளிக்கு அவர்கள் இங்கே வருவார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்பு அம்மா என் வீட்டில் இறந்துபோனார். சடங்கு நடந்தது. எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள். தங்கையின் முறை வந்தபோது அவள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றாள். "நான் ஜெபம் பண்ணிக்கிறேன் அண்ணே" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற குரலில்.

நான் அத்தனை சனத்துக்கும் கேட்கிற குரலில் கத்தினேன். "பெத்தவளுக்கு ஒரு பிடி அரிசி போட முடியாதவ இனிமே என் வாசல்ல கால் வைக்காத!"

அவள் வைக்கவில்லை. என் மகள் கல்யாணத்துக்கு மண்டபத்துக்கு வந்தாள். மண்டபம் என் வீடு இல்லையே. கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பிள்ளையை ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனாள். என்னிடம் அவள் பேசவில்லை, நானும் பேசவில்லை. அதுவே ஐந்து வருடத்துக்கு முந்திய கதை. கேண்டீன் அக்காவிடம் தெரியாது என்று நான் சொன்னதற்கு இதுதான் காரணம். வாசலில் வைக்காதே என்று சொன்ன காலை என் முதுகில் வை என்று எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

இதற்கிடையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே சிகிச்சை பார்த்தது என் மகளை விடச் சின்னப் பெண், தமிழ்ப் பிள்ளை. மற்றவர்கள் எல்லாம் எடுத்தவுடன் முதுகைத் தொட்டார்கள். இந்தப் பெண் தொடவே இல்லை. ஒரு நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னாள்.

"அங்கிள், இது உங்க வண்டின்னு நெனச்சுக்குங்க. எப்பவும் ஓட்டுற மாதிரி ஓட்டிக் காட்டுங்க."

சுற்றிலும் நாலு பேர் இருக்கிறார்கள். வெட்கமாக இருந்தாலும் ஓட்டினேன். இல்லாத சாவியைத் திருகி, இல்லாத லீவரை இழுத்து, இல்லாத சரக்கைத் தூக்கி, திரும்பிப் பார்த்துப் பின்னால் எடுத்தேன்.

"அப்படியே இருங்க" என்றாள். "ஏன் பின்னால போறீங்க?"

"சரக்கு உசரமா இருந்தா முன்னால மறைக்கும்மா. பின்னாலதான் ஓட்டணும்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?"

யோசித்தேன். முன்னால் ஓட்டியதை விடப் பின்னால் ஓட்டியதுதான் அதிகம்.

"எப்பவும் வலது பக்கம்தான் திரும்புவீங்களா?"

இருபத்திரண்டு வருடமாக நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை. மறுநாள் கிடங்கில், எத்தனை முறை வலது பக்கம் திரும்புகிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். டீ குடிக்கப் போவதற்குள்ளேயே எண்ணிக்கை தப்பிவிட்டது. காற்றும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை, வயசும் இல்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே குஷி. அந்தப் பெண் சொன்ன பயிற்சிகளை ஒன்று விடாமல் செய்தேன். சுவரில் கையை ஊன்றிச் சாய்வது, துண்டைப் பிடித்து இழுப்பது, முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் டென்னிஸ் பந்தை வைத்து உருட்டுவது. பந்து நழுவி அலமாரிக்கு அடியில் ஓடினால் அதை எடுக்கக் குனிவது ஒரு தனிப் பயிற்சி.

ஆறு வாரத்தில் பாதி குறைந்தது. பாதி அப்படியே நின்றது. அந்தப் பெண்ணுக்கும் அது புரியவில்லை. "மனசுல எதையாச்சும் போட்டு வெச்சிருந்தாலும் தோளத் தூக்கிப் பிடிச்சுக்குவோம் அங்கிள். அப்படி ஏதும் இருக்கா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சட்டென்று சொன்னேன். அவள் என் தோளைப் பார்த்தாள். அது காதுக்குப் பக்கத்தில் ஏறி நின்றது.

வீட்டில் மனைவிக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "பாலிங் போயிட்டு வாங்க" என்றாள்.

"எதுக்கு? அதான் காரணம் தெரிஞ்சுபோச்சே."

"பாதி வலிக்குத்தானே தெரிஞ்சுது. மிச்சத்துக்கு உங்க தங்கச்சியப் போய்ப் பாருங்க."

தலையணையைக் காயப்போட்டவள் அல்லவா, தங்கையின் காலையும் நம்புகிறாள் என்று நினைத்தேன். ஆனால் அவள் விடவில்லை. சோறு போடும்போதும் பாலிங், துணி மடிக்கும்போதும் பாலிங். சாதாரணமாக எதையும் இரண்டு தடவைக்கு மேல் சொல்லமாட்டாள். இந்தத் தடவை ஏன் இப்படி என்று எனக்கு விளங்கவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலையில் காரை எடுத்தேன். போகிற வழியில் சுங்கை பட்டாணியில் மைசூர்பாகும் ஜிலேபியும் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டேன். சின்ன வயதில் அவளுக்கு இனிப்பென்றால் உயிர்.

அவள் வீட்டு வாசற்படி இருந்த இடத்தில் சிமெண்டால் சரிவாகப் போட்டிருந்தார்கள். மோட்டார் சைக்கிளை உள்ளே ஏற்றுவதற்காக இருக்கும் என்று நினைத்தேன். கம்பிக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். இடுப்பிலிருந்து பூப்போட்ட பாத்தேக் கைலி தரையைத் தொட்டது. முகம் இளைத்துப் போயிருந்தது.

"வா அண்ணே" என்றாள். எழுந்திருக்கவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடம் கழித்து அண்ணன் வந்து நிற்கிறேன். ஒரு மரியாதைக்காவது எழுந்து நிற்க வேண்டாமா? நான் உட்கார்ந்தேன். இனிப்புப் பெட்டியை நீட்டினேன். வாங்கி, திறந்துகூடப் பார்க்காமல், பக்கத்து மேசையில் வைத்தாள். "தண்ணி குடிக்கிறியா? அடுப்படில இருக்கு, எடுத்துக்க" என்றாள். வந்தவனையே தண்ணீர் மொண்டு குடிக்கச் சொல்கிற அளவுக்குத் திமிரா? அப்போதே எழுந்து வந்திருப்பேன். தோள் விண்ணென்று தெறித்ததால் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன அண்ணே, ஒரு பக்கம் தோளு தூக்கிக்கிட்டு நிக்குது?"

சொன்னேன். மருத்துவரில் தொடங்கி டென்னிஸ் பந்துவரை சொன்னேன். குவளை வைத்த கதைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு என் கோபத்தைக் கொஞ்சம் இளக்கியது. கேட்டுவிட்டேன்.

"முந்தி தோட்டத்துல நீவி விடுவியே. எனக்கும் ஒரு தடவ விடுறியா?"

அவள் சிரிப்பு நின்றது. மதம் தடுக்கிறது, அண்ணன் முதுகில் கால் வைக்கக் கூச்சமும் இருக்கும் என்று நானாகவே முடிவு செய்து, "உன் சாமிக்கு ஆகாதுன்னா வேணாம்" என்றேன். குரலில் பழைய சூடு எட்டிப் பார்த்தது.

"சாமிக்கு என்ன அண்ணே" என்று சொல்லி, கைலியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"சக்கர வியாதி. விரல்ல ஒரு புண்ணு வந்துச்சு, ஆறல. போன வருசத்துக்கு முந்தின வருசம் எடுத்துட்டாங்க. எடது காலுதான் வேணும்னா ஆஸ்பத்திரிலதான் போய்க் கேக்கணும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே மறுபடியும் சிரித்தாள்.

என்னால் சிரிக்க முடியவில்லை. மேசையில் மைசூர்பாகுப் பெட்டி இருந்தது. அதை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

"எனக்கு ஏன் சொல்லல?"

"அண்ணிக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கே வந்து பாத்தாங்க. நான்தான் உங்கிட்ட சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கினேன். பாவம்னு நீ வரக்கூடாது அண்ணே. உனக்கு என்னால ஏதாச்சும் ஆகணும்னு வந்தா வரட்டும்னு இருந்தேன்."

மனைவி ஏன் விடாமல் பாலிங் பாலிங் என்றாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிறவன் நான். என் வீட்டுக்குள்ளேயே இருந்த காரணத்தை இரண்டு வருடமாகக் கேட்கவில்லை.

"வலது காலு இருக்கு" என்றாள் தங்கை. "அது வேல செய்யுமான்னு தெரியாது. கீழ உக்காரு. பாஸ்டர்கிட்ட மட்டும் சொல்லிராத."

அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். கைப்பிடிகளை அழுத்திக்கொண்டு அவள் வலது காலைத் தூக்கினாள். பாதம் சொரசொரப்பாக, வெதுவெதுப்பாக இருந்தது. தோளிலிருந்து கீழே ஒரு முறை நீவினாள். இரண்டாவது முறை காலில் பலம் போதாமல் நடுவில் நின்று, மறுபடி தொடங்கினாள். மூன்றாவது முறை முடிந்ததும், பழைய வழக்கம்போல் என்னைத் தொட்டுக் கும்பிடக் குனியப் பார்த்தாள். அவளால் முடியவில்லை, நாற்காலி ஆடியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதுவிட்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வலி போகவில்லை. பாலிங்கிலிருந்து குருண் வரும்வரை அதே இடத்தில் அதே மாதிரி வலித்தது. வலது கால் என்பதாலா, திரும்பிப் பார்த்ததாலா, இல்லை அந்தக் காலில் ஒன்றுமே இல்லையா என்று இன்னமும் யோசிக்கிறேன். வீட்டுக்கு வந்து இறங்கியதும் முதலில் என் வாசலைத்தான் பார்த்தேன். மூன்று படி.

அடுத்த இரண்டு வாரக் கடைசியிலும் சிமெண்ட் வாங்கி, மணல் குழைத்து, படிகளின் மேல் சரிவு போட்டேன். ஆள் வைத்துச் செய்யுங்கள் என்று மனைவி எவ்வளவோ சொன்னாள். அதை வேறு யார் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. முதல் சரிவு செங்குத்தாகப் போய்விட்டது, உடைத்துவிட்டு நீளமாகப் போட்டேன். குறைந்திருந்த பாதி வலியும் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் என் தோளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன அங்கிள், மொதல்லேருந்து ஆரம்பிக்கணும் போலருக்கே" என்று திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

சிமெண்ட் நன்றாகக் காய்ந்த பிறகு போன் செய்து கூப்பிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் அவர்கள் வந்தார்கள். தங்கையின் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, சக்கர நாற்காலியை இறக்கி, அவளை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மனைவி உள்ளே இருந்து, வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். சரிவு தொடங்குகிற இடத்தில் தங்கை கையைக் காட்டி நாற்காலியை நிறுத்தினாள். மனைவியை அவள் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"வரட்டா அண்ணே?" என்றாள்.

வா என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்தான். இறங்கிப் போய், மாப்பிள்ளையின் கையிலிருந்து நாற்காலியின் பிடியை வாங்கினேன். விடுங்க மச்சான், உங்களுக்குத் தோளு வலி என்றார் அவர். நான் விடவில்லை. தோள் வலிக்க வலிக்க அவளை வீட்டுக்குள் தள்ளிக்கொண்டு போனேன்.